ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு: மொசாம்பிக் ஏன் தாங்கியது, அங்கோலா ஏன் உடைந்தது?

அலைவாய்

அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975-ல், ஒரே ஆண்டில், போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றன. விடுதலை பெற்ற சூட்டிலேயே இரண்டும் உள்நாட்டுப் போரில் விழுந்தன. இரண்டிலும் இடதுசாரி அரசு, எதிரே வெளியார் ஆதரவு பெற்ற ஆயுதக் குழு. பனிப்போர் முடியும் நேரத்தில் இரண்டிலும் ஒப்பந்தம் வந்தது: அங்கோலாவில் 1991 மே, மொசாம்பிக்கில் 1992 அக்டோபர். இரண்டுக்கும் ஐ.நா. போனது, இரண்டிலும் தேர்தல் நடந்தது, இரண்டிலும் ஆளுங்கட்சியே வென்றது.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. அங்கோலாவில் ஆயுதக் குழுவான யூனிட்டாவின் தலைவர் சவிம்பி 1992 தேர்தல் முடிவை ஏற்காமல் போருக்குத் திரும்பினார். அந்தப் போர் இடையில் 1994-ல் வந்த இன்னொரு ஒப்பந்தத்தையும் விழுங்கிவிட்டு, 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்பட்ட பிறகுதான் ஓய்ந்தது. மொசாம்பிக்கில் 1994 தேர்தலில் தோற்ற ஆயுதக் குழுவான ரெனாமோ, முறைகேடு என்று முறையிட்டபடியே நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றவருக்கு என்ன மிச்சம் என்ற கேள்விக்கு மொசாம்பிக்கில் ஒரு பதில் இருந்தது, அங்கோலாவில் இல்லை. அங்கோலாவில் எல்லாம் அதிபர் பதவியைச் சுற்றியே இருந்தது. வென்றவருக்கு நாடு, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. அதோடு, தேர்தல் நாளன்று யூனிட்டாவின் படை பெரும்பாலும் கலையாமல் அப்படியே இருந்தது. கண்காணிக்க ஐ.நா. அனுப்பியது சில நூறு பேரை மட்டும்.

மொசாம்பிக்கில் இதைப் பார்த்துப் பாடம் கற்றார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படையினர் போனார்கள். 1993-ல் நடக்கவேண்டிய தேர்தலை, படைகள் கலையும் வரை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். காட்டுக்குள் இருந்த ரெனாமோ ஓர் அரசியல் கட்சியாக மாற, ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் தனி நிதி கொடுத்தார்கள். லஞ்சம் என்று அதை அப்போதே பலர் திட்டினார்கள். எனக்கு அது அந்த ஒப்பந்தத்தின் மிகத் தெளிவான முடிவாகத் தெரிகிறது. படை கலைந்த ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை கிடைத்தது, அதுவும் அவரவர் போய்க் குடியேறிய ஊரிலேயே.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மேழி

ஒப்பீடு நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய ஒன்றை விட்டுவிட்டீர்கள். சவிம்பியிடம் வைரம் இருந்தது. ரெனாமோவிடம் விற்க எதுவும் இல்லை.

1992-ல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதும் கடும் வறட்சி. ரெனாமோ வீரர்கள் கிராமங்களிடம் பறித்துச் சாப்பிடக்கூட வழியில்லாமல் இருந்தார்கள். அவர்களை வளர்த்துவிட்ட தென்னாப்பிரிக்க அரசும் கையை விட்டுவிட்டது. போரைத் தொடர நினைத்தாலும் முடியாத நிலை. யூனிட்டா அப்படியில்லை. வைரச் சுரங்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆயுதம் வாங்கியது. அரசுப் பக்கம் கடலோரத்து எண்ணெய். 1993-ல் யூனிட்டாவுக்கு ஆயுதமும் எரிபொருளும் விற்க ஐ.நா. தடை போட்டது. வைரத்துக்குத் தடை வர 1998 ஆகிவிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை உயிர்!

ரத்த வைரங்களைத் தடுக்கும் கிம்பர்லி ஏற்பாடு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. சவிம்பி செத்து ஓராண்டு கழித்து.

ஆகவே நிதி, பதவி, மரியாதை எல்லாம் சரி. போருக்குப் போனால் சமாதானத்தைவிட அதிகமாகச் சம்பாதிக்கலாம் என்று ஒருவருக்குத் தெரிந்தால், நாடாளுமன்ற நாற்காலி அவரை எப்படிப் பிடித்துவைக்கும்?

---

அலைவாய்

வைரத்தின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் அதுவே முழுக் காரணம் என்றால் சியரா லியோன் மீண்டிருக்கக் கூடாது. அங்கேயும் வைரம்தான். 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள், அதற்குப் பிறகு உள்நாட்டுப் போர் திரும்பவில்லை. வைரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

---

சாளரம்

சியரா லியோன் என்றதும் சொல்லியாக வேண்டும். 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தம் செய்தது என்ன தெரியுமா? தோற்றவருக்குப் பங்கு என்ற உங்கள் கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுபோனது. கிளர்ச்சிப் படையான புரட்சி முன்னணியின் தலைவர் ஃபோடே சங்கோவுக்குத் துணை அதிபர் தகுதி. கனிம வள ஆணையத்தின் தலைவர் பதவி, அதாவது வைரத்தின் சாவி. கைகளை வெட்டிய படைக்கு முழுப் பொதுமன்னிப்பு. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்று குறிப்பு எழுதித்தான் ஐ.நா. பிரதிநிதி கையெழுத்துப் போட்டார்.

விளைவு? பத்து மாதத்தில், 2000 மே மாதம், அதே படை சுமார் 500 ஐ.நா. அமைதிப் படையினரைப் பிடித்துவைத்தது. சங்கோ கைதான பிறகு, பிரிட்டிஷ் படை வந்த பிறகு, ஐ.நா. படை பெருகிய பிறகு, சிறப்பு நீதிமன்றம் அமைந்த பிறகுதான் நிலைமை மாறியது. லைபீரியாவிலிருந்து அந்தப் போரை ஊட்டிவளர்த்த அந்நாட்டு முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-ல் 50 ஆண்டு சிறைத்தண்டனை.

பங்கு கொடுப்பதும் கொள்ளையை அங்கீகரிப்பதும் வேறு வேறு. ரெனாமோவுக்குக் கொடுத்த நிதி கட்சி நடத்த. சங்கோவுக்குக் கொடுத்தது சுரங்கம்.

---

வழிப்போக்கன்

எல்லோரும் மொசாம்பிக்கை வெற்றிக் கதையாகவே பேசுகிறீர்கள். 2013-ல் ரெனாமோ மறுபடி துப்பாக்கி எடுத்ததை யாரும் சொல்லவில்லையே? அதன் தலைவர் தளகாமா தன் பழைய முகாமுக்கே திரும்பினார். 2018-ல் அவர் இறந்த பிறகு, 2019 ஆகஸ்டில் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். ரெனாமோவின் கடைசி முகாம் மூடியது 2023 ஜூனில். 1992 ஒப்பந்தத்துக்கும் கடைசி முகாம் மூடியதற்கும் நடுவில் 31 ஆண்டு இடைவெளி! இதற்கிடையில் 2017-லிருந்து வடக்கே காபோ டெல்காடோவில் வேறொரு கிளர்ச்சி.

ஐ.நா. 1994 டிசம்பரிலேயே வேலை முடிந்தது என்று கிளம்பத் தொடங்கிவிட்டது.

---

அலைவாய்

2013 ஏன் நடந்தது என்று பார்த்தால் என் வாதம்தான் இன்னும் பலப்படுகிறது. 1994-ல் நாடாளுமன்றத்தின் 250 இடங்களில் ரெனாமோவுக்கு 112 கிடைத்தன. ஆனால் மாகாண ஆளுநர்களை அதிபரே நியமிப்பார். ரெனாமோவுக்கு அதிக வாக்கு கிடைத்த மாகாணங்களிலும் ஆளுநர் ஆளுங்கட்சிக்காரர்தான். 1999-லும் அதே கதை. உதவித்தொகை இரண்டு ஆண்டில் தீர்ந்தது, கட்சி நிதி தீர்ந்தது, மாகாணத்தில்கூட ஆட்சி கிடையாது. தோற்றவருக்கு மிச்சமாக வைத்தது காலப்போக்கில் கரைந்துபோனது. ஆளுநரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தை மாற்றியது 2018-ல்.

இதை இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தோடு வைத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் ஒப்பந்தம், ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் அஹ்திசாரி நடுவர். இந்தோனேசியச் சட்டப்படி ஒரு மாகாணத்தோடு நிற்கும் கட்சிக்கு இடமில்லை. ஆச்சேவுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதம் மாகாணத்துக்கு. கிளர்ச்சிப் படை 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. 2006 டிசம்பர் தேர்தலில் முன்னாள் கிளர்ச்சியாளர் இர்வாண்டி யூசுஃப் ஆளுநராகவே ஆனார். பின்னாளில் அவர் ஊழல் வழக்கில் சிறைக்கும் போனார், அது வேறு வருத்தம். ஆனால் ஜக்கார்த்தாவை வெல்ல முடியாதவருக்கு மாகாணத் தலைநகரான பண்டா ஆச்சேயை வெல்ல வழி இருந்தது.

---

பனித்துளி

தலைவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கீழே இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று லைபீரியாவைப் பார்த்தால் தெரியும்.

2003 ஆகஸ்டில் ஒப்பந்தம். டிசம்பரில் ஆயுதம் களையத் தொடங்கினார்கள். முதல் முகாமுக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்று ஐ.நா. எதிர்பார்த்தது, பன்னிரண்டாயிரம் பேர் வரை வந்து நின்றார்கள். பணம் எங்கே என்று கலவரம் வெடித்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 2004 ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

முடிவில் பதிவானவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். வந்து சேர்ந்த ஆயுதங்கள் சுமார் 28,000. கணக்கு இடிக்கிறது இல்லையா? துப்பாக்கி இல்லாவிட்டால் 150 தோட்டா கொண்டுவந்தாலும் போதும் என்று விதி. தலைக்கு 300 டாலர், இரண்டு தவணை. தளபதிகள் தோட்டாக்களைத் தமக்கு வேண்டியவர்களிடம் பிரித்துக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். போரே செய்யாதவர்கள் பட்டியலில் ஏறினார்கள்.

மறுபக்கம் பாருங்கள். கடத்திக்கொண்டு போய், சமைக்கவும் சுமக்கவும் வைக்கப்பட்டு, தளபதிகளுக்கு 'மனைவி' ஆக்கப்பட்ட பெண்கள். சியரா லியோனில் இவர்களில் பெரும்பாலானவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள், காட்டுவதற்குக் கையில் துப்பாக்கி இல்லை என்பதால். லைபீரியாவில் அதைத் திருத்த முயன்றார்கள். படையோடு இருந்த பெண்கள் ஆயுதம் இல்லாமலே பதியலாம் என்று விதி வைத்ததால், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பதிவானார்கள். ஆனாலும் தளபதி பெயர் சொல்லி அடையாளம் காட்டினால்தான் உள்ளே போக முடியும் என்ற இடங்களில், தன்னைக் கடத்தியவனிடமே போய் ஒரு பெண் கெஞ்ச வேண்டியிருந்தது. இதை யோசித்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

தூவல்

பனித்துளி அக்கா, அப்படியென்றால் ஆயுதத்துக்குப் பணம் கொடுப்பதே தப்பா? ஈராக்கை அமெரிக்கா பிடித்த பிறகு, 2003 மே மாதம் அங்கிருந்த ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்து, ஆரம்பத்தில் ஒன்றும் தராமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில லட்சம் பேர். அதன் விளைவு இன்னும் மோசமாக அல்லவா இருந்தது?

---

பனித்துளி

தப்பில்லை தம்பி. ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக்தான் சாட்சி. பயிற்சி பெற்றவர்கள், ஆயுதக் கிடங்கு எங்கே என்று தெரிந்தவர்கள், அவமானப்பட்டவர்கள். அவர்களில் ஒரு பகுதி கிளர்ச்சிக் குழுக்களில் போய்ச் சேர்ந்ததை உலகம் பார்த்தது.

கேள்வி, துப்பாக்கிக்கு விலை கொடுக்கிறோமா, ஆளுக்கு வாழ வழி செய்கிறோமா என்பது. துப்பாக்கிக்கு விலை வைத்தால் எல்லையைத் தாண்டி எங்கே அதிக விலையோ அங்கே போவான். லைபீரியா 300 டாலர் கொடுத்தபோது பக்கத்து ஐவரி கோஸ்ட் இன்னும் கூடுதல் தொகை பேசிக்கொண்டிருந்தது. மொசாம்பிக்கில் மாதாமாதம் ஒரு சிறு தொகை, குடியேறிய ஊர் வங்கியில். அதை வாங்க ஊரில் இருந்தாக வேண்டும். ஊரில் இருந்தால் நிலம், கல்யாணம், பிள்ளை என்று வேர் விடும்.

---

மேழி

நேபாளத்தில் ஏறக்குறைய 19,600 மாவோயிஸ்ட் வீரர்களை ஐந்து ஆண்டுக்கு மேல் முகாமில் வைத்திருந்து, கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 1,400-ஐ ஒட்டித்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் ரொக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். போர் திரும்பவில்லை. இதற்கு எந்தச் சூத்திரமும் சரியாகப் பொருந்தாது.

---

வழிப்போக்கன்

நேபாளத்தில் போர் திரும்பவில்லை, சரி. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு? ஒப்பந்தம் 2006-ல். விசாரணை ஆணையங்கள் 2015-ல். அதன் சட்டத்தைத் திருத்தியது 2024-ல். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் ஆட்சியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். தோற்றவருக்கு மிச்சம் என்று பேசும்போது, யாருடைய தோல்வி? இரண்டு படைக்கும் நடுவில் மாட்டியவருக்கு மேசையில் இடமே கிடையாது.

---

சாளரம்

இதுதான் இந்த இழையில் வந்திருக்கவேண்டிய கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்ததும் ஓர் உண்மை ஆணையம் அமைத்து, உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்றார்கள். ஏழாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன, மன்னிப்புக் கிடைத்தது 849 பேருக்கு. அந்தப் பேரத்தின் மறுபாதி, மன்னிப்புக் கேட்காதவர் மேல் வழக்கு. சுமார் 300 வழக்குகளை ஆணையம் அரசுத் தரப்பிடம் ஒப்படைத்தது. அவற்றில் மிகச் சிலவே நீதிமன்றம் ஏறின. ஏன் ஏறவில்லை, யார் தடுத்தார்கள் என்று விசாரிக்க 2025-ல் அதிபர் ரமபோசா ஓர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. உலகமே பாராட்டிய ஏற்பாட்டில் பாதி மட்டும் நடந்திருக்கிறது.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு சுமார் 1,20,000 பேர் சிறைகளில் அடைந்து கிடந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்களால் அத்தனை பேரையும் ஒரு தலைமுறையில் விசாரித்து முடிக்க முடியாது. ஊர்ப் பெரியவர்களை நீதிபதிகளாக்கி, கச்சாச்சா என்ற புல்வெளி மன்றங்களை நடத்தினார்கள். 2012-ல் மூடும்வரை சுமார் 19 லட்சம் வழக்குகள். வழக்கறிஞர் கிடையாது, பொய்ச்சாட்சி உண்டு, ஆளும் தரப்பின் படை செய்த கொலைகளை அங்கே பேச முடியாது. இத்தனை குறையோடும், என் தம்பியை எங்கே புதைத்தாய் என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்கவும், சில நேரம் பதில் வரவும் அது வழிசெய்தது.

காணாமல் போனவர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போஸ்னியாவில் சுமார் 30,000 பேர் காணாமல் போனார்கள். 1995-ல் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் நடந்த படுகொலைகளை மறைக்க, புதைகுழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டி வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒருவருடைய எலும்புகளே இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. குடும்பத்தினரின் ரத்த மாதிரியை எலும்பின் மரபணுவோடு ஒப்பிட்டு, நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டுவிட்டார்கள். மனம் இருந்தால் முடிகிறது.

இலங்கையில் போர் முடிந்தது 2009-ல். காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் 2016-ல், ஆணையர்கள் 2018-ல். வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார்கள் 2017-லிருந்து தெருவோரத்தில் தொடர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இழப்பீடும் மரணச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் அவர்கள் மறுக்கிறார்கள். என்ன நடந்தது என்பதுதான் அவர்கள் கேட்பது. துப்பாக்கிச் சத்தம் இல்லாததை வைத்து அங்கே அமைதி வந்துவிட்டது என்று எழுதுபவர்கள் அந்தப் பந்தலுக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுதட்டும்.

---

வழிப்போக்கன்

சாளரம், இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கமாட்டேன்.

---

மேழி

போஸ்னியா பற்றி இன்னொன்று. அங்கே போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் 1995. பயணிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று தாளில் இருந்தது. ஆனால் வண்டியின் எண் பலகையைப் பார்த்தாலே எந்தப் பகுதிக்காரர் என்று தெரியும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் கல் வரும், அல்லது சோதனைச் சாவடியில் மடக்குவார்கள். 1998-ல், ஒப்பந்தத்தை மேற்பார்க்கும் சர்வதேச உயர் பிரதிநிதி அலுவலகம் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி எண் பலகையைக் கட்டாயமாக்கியது. லத்தீன், சிரிலிக் இரண்டிலும் ஒரே வடிவம் உள்ள எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், ஊர் அடையாளமே இல்லாமல். கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் கோட்டைத் தாண்டி உறவினரைப் பார்க்கவும் பொருள் வாங்கவும் போக ஆரம்பித்தார்கள். எத்தனையோ மாநாடுகள் செய்யாததை ஒரு தகடு செய்தது.

அதே டேட்டன் மூன்று இனத்துக்கு மூன்று பேர் கொண்ட அதிபர் குழுவை வைத்து அரசியலை இன்றுவரை இறுக்கிப் போட்டிருக்கிறது. சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டிடத்தில் இரண்டு இனப் பிள்ளைகள் தனித்தனி வகுப்பு, தனித்தனிப் பாடத்திட்டம். அலைவாய், உங்கள் 'தோற்றவருக்குப் பங்கு' சட்டத்தில் உறைந்துபோனால் இப்படித்தான் ஆகும். பங்கு ஆளுக்கு இல்லாமல் இனத்துக்குப் போய்விடுகிறது. இந்த மூன்றில் எந்த இனத்தையும் சேராதவர் அதிபராகப் போட்டியிடவே முடியாது. யூதர் ஒருவரும் ரோமா ஒருவரும் வழக்குப் போட்டு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-ல் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தும் மாறவில்லை.

---

அலைவாய்

இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். போரை நிறுத்தக் கொடுக்கும் பங்குக்குக் காலக்கெடு வேண்டும். கொலம்பியாவில் அப்படிச் செய்தார்கள். 2016 ஒப்பந்தப்படி ஃபார்க் கிளர்ச்சிக் குழுவுக்கு மேலவையில் ஐந்து, கீழவையில் ஐந்து இடங்கள் உறுதி, ஆனால் இரண்டு தவணைக்கு மட்டும். அதற்குப் பிறகு வாக்கு வாங்கி வரவேண்டும்.

ஆனால் அங்கே இடிந்தது வேறொன்று. ஃபார்க் காலி செய்த கிராமங்களுக்கு அரசு போய்ச் சேரவில்லை. ஆசிரியரும் நீதிபதியும் நில அளவையாளரும் வருவதற்கு முன்பே மற்ற ஆயுதக் குழுக்கள் கொக்கெய்ன் எடுக்கும் கோக்கா தோட்டங்களைப் பிடித்துக்கொண்டன. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் சுமார் 13,000 பேர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்களை இதுவரை கொன்றுவிட்டார்கள். ஒப்பந்தத்தின் முதல் அத்தியாயமே நிலம்: 30 லட்சம் ஹெக்டேர் நிலமற்றவர்களுக்கு. மிக மெதுவாக நகர்வதும் அதுதான்.

உலக வங்கி 2011-ல் ஒரு கணக்குப் போட்டது. இருபதாம் நூற்றாண்டில் மிக வேகமாக மாறிய இருபது நாடுகளுக்கே, ராணுவத்தை அரசியலிலிருந்து விலக்கச் சராசரியாக 17 ஆண்டு, ஊழலை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவர 27 ஆண்டு. வேகமான நாடுகளுக்கே இந்தக் கணக்கு! உதவி கொடுப்பவர்களின் திட்டங்களோ மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு.

---

தூவல்

காவல்துறை பற்றி யாரும் பேசவில்லையே? கல்லூரியில் அதைத்தான் கட்டுரைக்கு எடுத்திருக்கிறேன். எந்த நாடுகளைப் பார்க்கலாம்?

---

சாளரம்

வட அயர்லாந்தையும் திமோர் லெஸ்தேவையும் (கிழக்குத் திமோர்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திமோர் 2002-ல் சுதந்திரம் அடைந்தது. ஐ.நா. அமைதிப் படை 2005-ல் கிளம்பியது. 2006-ல், கிழக்கு மேற்கு என்று பாகுபாடு காட்டுகிறார்கள் என முறையிட்ட 600-ஐ ஒட்டிய வீரர்களை ராணுவத்திலிருந்து நீக்க, ராணுவமும் காவல்துறையும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஐ.நா. திரும்பி வந்து 2012 வரை இருக்க வேண்டியதாயிற்று. எல்லாம் கட்டிடமும் சீருடையும் பயிற்சியுமாக நடந்தது. இரண்டு படைக்கும் நடுவில் இருந்த பகையை யாரும் தீர்த்துவைக்கவில்லை.

வட அயர்லாந்தில் சமாதான ஒப்பந்தம் வந்தபோது காவலர்களில் கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதம்தான். கத்தோலிக்கப் பகுதிகளில் அவர்களை எதிர்ப்படை மாதிரிதான் பார்த்தார்கள். 1998 ஒப்பந்தத்தின்படி அமைந்த பேட்டன் ஆணையம் 1999-ல் 175 பரிந்துரைகள் தந்தது. 2001-ல் பெயர், சின்னம் எல்லாம் மாறின. பத்து ஆண்டுகளுக்குப் புதிதாக எடுப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று விதி. பங்கு 30 சதவீதத்தைத் தொட்டது. விதியை 2011-ல் எடுத்த பிறகு அது பெரிதாக ஏறவில்லை. பிரிட்டனிலிருந்து பிரிய விரும்பும் சின் ஃபெய்ன் கட்சி காவல்துறையை ஏற்றுக்கொண்டது 2007 ஜனவரியில், ஒப்பந்தம் ஆகி ஒன்பதாம் ஆண்டில்.

---

தூவல்

நன்றி. அந்த 175-ல் எதை முதலில் படிப்பது?

---

அலைவாய்

பரிந்துரைகளைவிட, அவை நிறைவேறினவா என்று பார்க்கத் தனி மேற்பார்வை ஆணையர் ஒருவரை நியமித்தார்களே, அவருடைய அறிக்கைகளைப் படியுங்கள். 2007 வரை வந்தன. எந்தப் பரிந்துரை எந்த ஆண்டில் நிறைவேறியது, எது இழுத்தது என்று ஒரு அட்டவணை போடுங்கள். போட்டதும் இங்கேயே ஏற்றுங்கள். கொலம்பியாவின் நில அத்தியாயத்துக்கும் அதே மாதிரி ஒன்று நான் ஆரம்பிக்கிறேன், சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.